நன்கொடையாக வந்த போனில் ஒரு அழைப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அறக்கட்டளையில் கேட்டுக்கொண்டார்கள். போனைத் திறப்பது, பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளே இருப்பதை அழிப்பது எல்லாம் இங்கே போன்களைச் சரிசெய்யும் ஸ்டீபன் சொல்லித் தருவார். அதை அவர் என்னைவிட நன்றாகவே சொல்வார். நான் ஒரே ஒரு போனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன் இந்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. திருப்பருத்திக்குன்றத்தையும் சுற்று ஊர்களையும் சேர்ந்த சமணக் குடும்பங்கள் நடத்தும் அறக்கட்டளை இது. எண்ணிக்கையில் சிறிய சமூகம். மாதாந்தர மருந்து, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உதவி, பிள்ளைகளின் படிப்பு, எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு இலவச மருத்துவமனை. இவ்வளவையும் உறுப்பினர் சந்தாவில் நடத்த முடியாமல் போனபோது யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் உபயோகமில்லாத பழைய போன் கிடக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாமே என்று. பட்டுக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் பெட்டி வைத்தோம். சமணர்கள் மட்டுமல்ல, ஊரே போட்டது. ஓடுகிறவற்றைச் சரிசெய்து விற்கிறோம், ஓடாதவை உள்ளிருக்கும் உலோகத்தைப் பிரித்தெடுக்கப் போகின்றன. மருத்துவமனைச் செலவில் பெரும்பங்கு இப்போது இதிலிருந்துதான் வருகிறது.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்து, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியபின் இங்கே வந்தேன். தொலைபேசி நிலையத்தில் எனக்கு மேலே இருந்த அம்மாள் முதல் நாளே சொன்னது, "லைன்ல காதுல விழுந்தத வீட்டுக்கு எடுத்துக்கினு போவாதே." அதை அப்படியே இங்கே விதியாக்கினேன். வந்த போனில் இருப்பதைப் பார்க்கக்கூடாது. அதில் வரும் அழைப்பை எடுக்கக்கூடாது. பெட்டியில் போட்டது யார் என்று விசாரிக்கக்கூடாது.

இந்த விதிகளைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை ஒரு கல்லூரி ஆசிரியை வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். கணவர் தவறுதலாக மனைவியின் போனைப் போட்டுவிட்டாராம். தேடி எடுத்துக் கொடுத்தோம். கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "பாத்தீங்களா?" என்றார். "இல்லம்மா, நாங்க பாக்கறதில்ல" என்றேன். அவர் நம்பினார். அந்த நம்பிக்கையால்தான் பெட்டி நிரம்புகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

மழைக்காலம். பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் மருந்துக் கடையின் பெட்டியை அன்று காலை ஸ்டீபன் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். அதில் ஒரு போன் மட்டும் முகம் நொறுங்கி, சார்ஜர் சொருகும் துளையில் சேறு காய்ந்து கிடந்தது. ஸ்டீபன் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, திரை வேலை செய்கிறதா என்று பார்க்கச் சார்ஜில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது உயிர் பெற்றது. பூட்டுத் திரை வந்தது. பூட்டிய போன் நமக்கு உதவாது, சிம்மை உருவி நறுக்கிவிட்டு உலோகக் கூடையில் போட வேண்டியதுதான். ஸ்டீபன் சிம் ஊசியை எடுத்தார். போன் அடித்தது.

பூட்டைத் திறக்காததால் பெயர் வரவில்லை, வெறும் எண். எடுக்காமல் விட்டோம். நின்றது. உடனே மறுபடி அடித்தது. நின்றது. மூச்சுவிட நேரமில்லாமல் மறுபடி.

"மேடம், விடாம வந்துக்கினே இருக்குது" என்றார் ஸ்டீபன்.

"சிம்ம எடுத்துடு" என்றேன்.

அவர் ஊசியைத் துளையில் வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. என்னைப் பார்த்தார். "ஒரே நம்பரு மேடம்."

தொலைபேசி நிலையத்தில் இரவும் பகலும் அழைப்புகளோடு இருந்தவள் நான். அவசரமில்லாதவர் ஒருமுறை அடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். கோபத்தில் இருப்பவர் இரண்டு மூன்று முறை அடிப்பார். இடைவெளியே இல்லாமல் அடிப்பவருக்குக் கூப்பிட வேறு எண் இருக்காது. நான் இரக்கப்பட்டு எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு பெண்ணின் குரல். பாஷை புரியவில்லை. அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன. "பிகாஷ், பிகாஷ்" என்பது மட்டும் புரிந்தது. நான் "ஹலோ, யாருங்க?" என்றேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அழுகை அப்படி நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. பிகாஷைத் தேடும் ஒருத்திக்கு அவனுடைய போனில் அந்நியக் குரல் கேட்டிருக்கிறது. இப்போது விட்டால், எடுக்காமலே இருந்ததைவிட மோசமான காரியம் செய்தவளாவேன்.

அன்று எங்கள் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்க ஹேமா வந்திருந்தாள். சேட்டு வீட்டு மருமகள். குடும்பம் ராஜஸ்தானத்திலிருந்து வந்தது, அவள் பிறந்து வளர்ந்தது இங்கே. இந்தி வீட்டு மொழி. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தன் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

பேசியது ஒடிசாவில் ஒரு கிராமத்திலிருந்து. அம்மாவுக்கு இந்தி சரியாக வரவில்லை. பக்கத்தில் மூத்த மகன் இருந்தான், அவன் பேசினான். தம்பி ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஒரு வாரமாகப் பேச்சில்லை. போன் அணைந்திருப்பதாகவே பதிவுக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆள் எடுத்த ஏஜென்டைக் கேட்டால், வேலையை விட்டு ஓடிவிட்டான் என்கிறாராம். இன்று காலைதான் முதல்முறையாக மணி அடித்திருக்கிறது.

அம்மா குறுக்கே ஏதோ கேட்டாள். ஹேமா என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறாங்க?"

"நீ யாரு, என் புள்ள போன் உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க மேடம்."

நியாயமான கேள்வி. நன்கொடைப் பெட்டியில் வந்தது, விசாரித்துச் சொல்கிறோம் என்று ஹேமாவைச் சொல்லச் சொன்னேன்.

இதற்குள் அறக்கட்டளைச் செயலாளர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்ணியமானவர், எதையும் நிதானமாகச் செய்பவர். நடந்ததைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா எடுத்தீங்க? எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"இது திருட்டு போனா இருந்தா? நம்ம ஜனம் இந்த ஊர்ல எத்தனை பேரு சொல்லுங்க. தர்மத்துக்குன்னு சொல்லி திருட்டு போன் வாங்கறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா போதும். கோயில் வாசல்ல நின்னு யாருக்கு விளக்கம் சொல்றது? ஆஸ்பத்திரிய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சிறிய சமூகத்தின் நல்ல பெயர் கண்ணாடிச் சாமான் மாதிரி. கீழே போட்டால் ஒட்ட முடியாது. அறக்கட்டளையின் வக்கீல் சென்னைக்குப் போயிருக்கிறார், நாளை வந்ததும் கலந்து பேசிவிட்டு முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம் என்றார். அதுவரை போனை அணைத்து உறையில் போட்டு வைக்கலாம்.

"போலீசுக்குப் போவலாம் சார். ஆனா நாளைக்கு இல்ல, இன்னிக்கு" என்றேன். "போன் சேத்துல கிடந்திருக்கு, முகம் உடைஞ்சிருக்கு. ஓடிப்போனவன் போன இப்படிப் போட்டுட்டுப் போவமாட்டான். எங்கியோ அடிபட்டிருக்கான். இப்ப அணைச்சா அந்தம்மா மறுபடியும் பதிவுக் குரலத்தான் கேக்கும்."

"எங்கன்னு போய்த் தேடுவீங்க?"

அதற்கு வழி ஒன்றுதான். போனைப் போட்டவரைக் கேட்க வேண்டும். ஆனால் விசாரிக்கமாட்டோம் என்று பெட்டியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஒரு விதியை உடைத்தாயிற்று, இதையும் உடைத்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றுவது சுலபம். பதற்றத்தில் இருப்பவர் ஒன்றை விட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். நான் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு வேண்டியது போன் எங்கே கிடைத்தது என்பது. யார் என்பது எனக்கு வேண்டாம்.

மருந்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "முகம் உடைஞ்ச போன் ஒண்ணு உங்க பெட்டியில விழுந்திருக்குது. போட்டவர் பேரு எனக்கு வேணாம், சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அது எங்க கிடைச்சுது? ஒரு பையனோட உயிர் விஷயம்."

கடைக்காரர் யோசித்தார். "பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கடை எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. ஆனால் பேசியது வேறு ஆண் குரல், பயந்த குரல்.

"அம்மா, என் பேர கேக்கமாட்டேன்னீங்களாமே?"

"கேக்கமாட்டேன்பா."

"போன வாரம், திருமுக்கூடல் பாலத்தாண்ட. மழ. வேன் ஒண்ணு சைக்கிள்ல போன பையன தட்டிட்டு நிக்காம போயிடுச்சு. நாந்தான் 108க்கு அடிச்சேன். ஏத்தினாங்க. அப்புறம் பாத்தா பள்ளத்துல இந்த போன் கிடக்குது. குடுக்கலாம்னு வச்சிருந்தேன். குடுத்தா ஸ்டேஷனு, சாட்சின்னு இழுப்பாங்களேன்னு பயம். வீட்ல வச்சிக்கவும் மனசு வரல. புண்ணியத்துக்கு போவட்டும்னு போட்டுட்டேன்."

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னாங்களா?"

"மாவட்ட பெரியாஸ்பத்திரிக்குன்னாங்கமா." குரல் தயங்கியது. "பையன் இருக்கானா?"

"தெரியலப்பா. போய்ப் பாக்கறோம்."

செயலாளர் எழுந்தார். போனை ஒரு உறையில் போட்டார். அணைக்கவில்லை. ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். நானும் ஹேமாவும் அவள் வீட்டுக் காரில் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் ஹேமா அந்த அண்ணனோடு பேசி, தம்பிக்கு அடையாளம் என்ன என்று கேட்டுக்கொண்டாள். இடது முன்கையில் சின்ன வயதில் கஞ்சி கொட்டிய தழும்பு, வாழையிலை நுனி மாதிரி.

தலைக்காயப் பிரிவில் பெயர் தெரியாமல் ஒருவன் இருந்தான். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் இருந்தான். பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் வார்த்தையை அளந்துதான் பேசினார். நர்ஸ் ஒரு நடுவயதுப் பெண். "நாங்க 'தம்பி'ன்னுதான் கூப்புட்டுக்கினு இருக்கோம். பேரு தெரிஞ்சா நல்லது. பேரச் சொல்லிக் கூப்புட்டா சில பேரு கண்ணத் தொறப்பாங்க" என்றாள். இடது கையைத் திருப்பிக் காட்டினாள். தழும்பு இருந்தது.

அப்போது ஹேமாவின் போனில் அந்த அம்மா வீடியோவில் வந்துவிட்டாள். முகத்தைக் காட்டு, என் பிள்ளைதானா என்று நான் பார்க்க வேண்டும் என்கிறாள். ஹேமா கலங்கிப்போய்ப் போனைப் படுக்கையின் பக்கம் திருப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தாழ்த்தினேன்.

"முகம் வேணாம் ஹேமா."

"அவங்க அம்மா மேடம்!"

"அதனாலதான். தலை பூரா கட்டு, வாயில குழாய். பக்கத்துல டாக்டர் இல்லாம, தொட முடியாத தூரத்துல அதப் பாத்தா அந்தப் பொம்பள ரயில் ஏறி வர்ற வரைக்கும் உயிரோட இருக்காது. கைய மட்டும் காட்டு."

நர்ஸிடம் அனுமதி கேட்டோம். அவள் போர்வையை ஒழுங்குபடுத்தி, முன்கை மட்டும் வெளியே தெரியும்படி வைத்தாள். ஹேமா காட்டினாள். அந்த அம்மா முகத்தைத் திரைக்கு நெருக்கித் தழும்பைப் பார்த்தாள். பிறகு அழாமல், சாதாரணமாக ஏதோ சொன்னாள். கை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள் என்றாள் ஹேமா. நான் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. ஹேமா அதைச் சொன்னாள்.

நர்ஸ் கேஸ் தாளை எடுத்து, 'பெயர் தெரியாதவர்' என்பதை அடித்துவிட்டு, "பிகாஷா, விகாஷா?" என்று கேட்டாள்.

காவல் நிலையத்தில் நடந்தது ஸ்டீபன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிகாரி, போனைக் கொடுத்தவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஸ்டீபன் எந்தக் கடைப் பெட்டி என்று சொல்ல வாயெடுத்தபோது செயலாளர் முந்திக்கொண்டாராம். "பெட்டியில போடறவங்கள நாங்க கேக்கறதில்ல சார். அத நம்பித்தான் ஜனங்க போடறாங்க. யாரு பேராவது எழுதணும்னா என் பேர எழுதிக்கோங்க." காலையில் ஒரு பேச்சுக்குப் பயந்தவர் இவர்தான். எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சமண நெறிப்படி அவர் சூரியன் மறைந்தபின் சாப்பிடமாட்டார். அன்று இரவு பட்டினியாகவே படுத்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிகாஷ் பிழைத்தான். பேச்சு திரும்ப நாளாயிற்று. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்து நடக்கிறான் என்று ஹேமா சொல்கிறாள். அவர்கள் வீட்டோடு அவளுக்கு இன்றும் பேச்சு உண்டு.

பிற்பாடு அறக்கட்டளைக் கூட்டத்தில், அழைப்பு வந்தால் எடுக்கலாம் என்று விதியை மாற்றி எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எடுக்கலாம் என்று எழுதினால் எல்லாவற்றையும் எடுப்பீர்கள். யாரோ ஒருத்தியின் சொந்த விஷயம் உங்கள் காதில் விழும், மதியச் சாப்பாட்டின்போது அது பேச்சாகும். விதி இருக்கட்டும். என்றாவது ஒருநாள் அதை மீற வேண்டி வந்தால், மீறியதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டும். எடுத்துவிட்டுப் பாதியில் விடக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

பிகாஷின் அம்மாவும் அண்ணனும் வந்து சேர்ந்த மறுநாள் நான் மாவட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அந்த அம்மாளும் ஹேமாவும் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன உருவம், கையில் எவர்சில்வர் தூக்கு. தாழ்வாரத்தின் கோடியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆட்டோக்காரர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் நெருங்குவார், திரும்பப் போவார். மருந்துக் கடைக்காரர் என் அடையாளம் சொல்லியிருக்க வேண்டும், கடைசியில் என்னிடம் வந்தார்.

"அம்மா, போலீசுல என் பேர சொல்லிட்டீங்களா?" என்றார். போனில் கேட்ட அந்தக் குரல்தான்.

"உன் பேரே எனக்குத் தெரியாதேப்பா. எப்படிச் சொல்றது?"

அவர் தரையைப் பார்த்தார். "மருந்துக் கடையாண்டயும் யாரும் வந்து கேக்கலியாம். நானும் வருவாங்க வருவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ராத்திரி தூக்கம் வரல." பிறகு, "அந்த வேன நான் பாத்தேம்மா. பின்னாடி எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. நான் சொன்னாத்தானே அந்தப் பையனுக்கு நஷ்டஈடு ஏதாவது கெடைக்கும்?"

"ஆமாப்பா. ஆனா உன்ன யாரும் கட்டாயப்படுத்தல."

"தெரியும்மா. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போவப் போறேன். அதுக்கு முன்னாடி பையன ஒருவாட்டி பாத்துடலாம்னு வந்தேன்."

சொன்னபடியே அவர் போனார், சாட்சி சொன்னார், வேனும் பிடிபட்டது. அதெல்லாம் பிறகு. அப்போது பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் அவரைப் பார்த்து, யார் இவர் என்று ஹேமாவிடம் கேட்டாள். ஹேமா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினேன். சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம்.

அவருக்கு இந்தி தெரியாது. கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதோரம் வைத்துக் காட்டினார். அந்தக் கையாலேயே தன் நெஞ்சைத் தொட்டார்.

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.